வெட்டிவிடுவதா, விட்டுவிடுவதா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

ராப் எனப்படும் சொல்லிசைப் பாடல்களைக் கேளாதவர் இன்று நம் மாணவியரில் மிகச் சிலரே. பெரியவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகத் தோன்றலாம். ஆயினும் சொற்களைக் கூர்ந்து கேட்டால், ஒரே கருத்து பல பாடல்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். கூட இருந்தே குழி பறிக்கும் போலி நண்பர்களை அறுத்தெறிந்துவிட்டேன், இனி எனக்கு மன நிம்மதி என்பதே அக்கருத்து. ஆங்கிலத்தில் மட்டுமன்று, தமிழிலும் உண்டு. நம் காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்சு நாட்டில் உறவினர் உண்டல்லவா? அவர்கள் பிள்ளைகள் கேட்கும் பிரெஞ்சுப் பாடல்களிலும் இதே பேச்சுதான்.

கேட்பதோடு நின்றால் கவலையில்லை. அந்த வரியை எடுத்துக் கைப்பேசியில் ஸ்டேட்டஸாகப் போட்டுவிட்டு, நேற்றுவரை ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்ட தோழியை பிளாக் செய்துவிடுகிறார்கள். அவள் செய்த குற்றம் என்ன என்று கேட்டால், "அவள் ஃபேக்" என்ற ஒரு சொல்லே பதிலாக வருகிறது. பாட்டு காட்டும் இந்த வழி நல்ல வழிதானா?

முதலில் அந்தப் பாடகர்களுக்கு நியாயம் செய்வோம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஒரு விருந்து நடத்தினாள். அதில் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவள் அண்ணன் கூல் ஹெர்க். அந்த நாளையே ஹிப் ஹாப் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். (பள்ளித் துணிக்காகத் தொடங்கிய கலை என்று அம்மாவிடம் சொன்னால் கோபம் சற்றுத் தணியக்கூடும்.) வறுமையும் துப்பாக்கியும் மலிந்த தெருக்களில் அது வளர்ந்தது. அங்கே ஒருவனுக்குத் திடீரெனப் பணமும் புகழும் வந்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று நண்பன் ஒருவன் வாய் தவறிச் சொல்வதே உயிருக்கு ஆபத்து. அத்தகையவன் நண்பர்களைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை. நம் வகுப்பில் போலித் தோழி என்ன செய்துவிடுகிறாள்? ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நாம் நம்பிச் சொன்னதை நாலு பேரிடம் சொல்கிறாள். வலிக்கத்தான் செய்யும். அதற்காக அவர்கள் குடித்த மருந்தை அதே அளவில் நாமும் குடிக்க வேண்டுமா?

அந்த மருந்து அவர்களுக்கேனும் பலித்ததா என்று பார்ப்போம். டூபாக் ஷகூர், பிகி என்று அழைக்கப்பட்ட நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. ஆகிய இருவரும் நண்பர்களாய் இருந்தவர்கள். 1994 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் டூபாக்கைச் சுட்டு நகைகளைப் பறித்தனர். அவர் பிழைத்துக்கொண்டார். பிகி அப்போது அதே கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தார். பிகிக்கு இது முன்பே தெரியும் என்று டூபாக் முடிவு கட்டினார், பிகி மறுத்தார். 1996இல் டூபாக் ஒரு பாட்டில் அவரை உலகறிய ஏசி உறவை அறுத்தார். நிம்மதி வந்ததா? அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு, 13ஆம் தேதி டூபாக் இறந்தார். வயது 25. ஆறு மாதத்திற்குள், 1997 மார்ச் 9 அன்று, பிகியும் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24. இந்தச் சாவுகளுக்கு அந்தப் பாட்டே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2011இல் சிறைக்கைதி ஒருவர், 1994 கொள்ளையில் ஈடுபட்டவன் நானே என்று அறிவித்தார். தமக்குப் பணம் கொடுத்ததாக அவர் சொன்ன பெயர் பிகியின் பெயர் அன்று!

பிரான்சிலும் பூபா, காரிஸ் என்னும் இருவர் 2012இல் சேர்ந்து பாடினார்கள், பிறகு பகைத்தார்கள். 2018 ஆகஸ்டு முதல் நாள் பாரிசின் ஓர்லி விமான நிலையத்தில் பயணிகள் நடுவே அடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு 50,000 யூரோ அபராதம். நிம்மதிக்கு நல்ல விலைதான்!

தீய நட்பை விட்டு விலகவே கூடாதா என்று தோழியர் கேட்கலாம். விலகத்தான் வேண்டும். திருவள்ளுவர் நட்பைப் பற்றி வரிசையாக ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள் பாடியவர். வீட்டில் உறவாடி மன்றத்தில் பழிப்பவரை அருகே வரவிடாதே என்கிறார். (இன்று மன்றம் என்பது வாட்ஸ்ஆப் குழு.) ஒவ்வாதவர் நட்பை ஏதேனும் ஒன்றைக் கொடுத்தாவது விட்டுவிடு என்றும் கூறுகிறார். ராப் பாடகர்கூட இவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் எப்படி விடுவது? முடியும் செயலையும் முடியாதபடி கெடுப்பவர் நட்பை, அவரிடம் ஒன்றும் சொல்லாமலே தளரவிடு என்கிறார். ஸ்டேட்டஸ் இல்லை, அறிவிப்பு இல்லை, பத்துப் பேரைச் சாட்சிக்கு அழைப்பதும் இல்லை. அதுமட்டுமன்று. பழைமை என்னும் அதிகாரத்தில், பழகிய நண்பர் நோகும்படி ஒன்று செய்தால் அதை அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள் என்கிறார். நண்பர் குற்றத்தைப் பிறர் வந்து சொன்னால் காது கொடாதே என்கிறார்.

நம் விவிலியத்தின் சீராக் ஞான நூலும் நண்பரைச் சோதித்தபின் நம்பச் சொல்கிறது. கூடவே, நண்பரைப் பற்றி ஏதேனும் கேள்விப்பட்டால் அவரையே கேள், அவர் அதைச் செய்யாமலும் இருந்திருக்கலாம் என்கிறது. டூபாக்குக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

பெற்றோரிடமும் ஒரு சொல். "அவளோடு சேராதே" என்று தாங்கள் கூறும்போது பெரும்பாலும் அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்தே கூறுகிறீர்கள். முதல் மதிப்பெண் வாங்குபவள் புறம் பேச மாட்டாள் என்பதற்கு என்ன உறுதி?

என் எண்ணம் இதுதான். ஒருத்தி தனக்கு ஒத்துவராத தோழியை விட்டு விலகுவது அவள் உரிமை. மற்றவர்களும் விலக வேண்டும் என்று அவள் கேட்கும்போது, அவள் நிம்மதியைத் தேடவில்லை, ஆள் சேர்க்கிறாள். நானறிந்த ஒரு மாணவி இப்படி மூன்று வாரம் மதிய உணவு வேளையில் தண்ணீர்க் குழாய் அருகே தனியே அமர்ந்து சாப்பிட்டாள். அவள் யாரைப் பற்றியோ ஏதோ சொன்னாளாம். அதைச் சொன்னாயா என்று அவளிடமே கேட்டேன். சொன்னதாகக் கூறப்பட்ட அன்று அவள் காய்ச்சலாக வீட்டில் இருந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டிலும் அவ்வாறே இருந்தது.