எழுவாய் இல்லாத வெள்ளம்

2021 நவம்பர் 18 அன்று பெய்த மழையில் திருமலையின் மலைப்பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்தன. நடைவழிப் படிகளில் நீர் அருவியாய் இறங்கியது. அடிவாரத்தில் திருப்பதி நகரின் பல பகுதிகள் மூழ்கின. பழைய தமிழ்ப் பக்தி இலக்கியம் பொன்முகலி என்றழைக்கும் சொர்ணமுகி கரை கடந்தது. மறுநாள், அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே நின்ற அன்னமய்யா அணை உடைந்து கீழுள்ள ஊர்களை அடித்துச் சென்றது. அடுத்த சில நாள்களில் திருப்பதிக்கு அருகே ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தின் பகுதி. 2022 ஏப்ரலில்தான் தனி மாவட்டமானது.

அதே மாதங்களில் இந்தியாவில் ஒரு கருத்துக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் காலநிலைத் தகவல்தொடர்புத் திட்டமும் சி-வோட்டர் நிறுவனமும் இணைந்து 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை 4,619 பேரிடம் கேட்டறிந்தன. புவி வெப்பமாதலைப் பற்றிச் சிறிதளவே தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 விழுக்காட்டினர். சுருக்கமான விளக்கம் தந்து கேட்டபோது, அது நிகழ்கிறது என்று 84 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். காரணம் பெரும்பாலும் மனிதச் செயல்களே என்றவர்கள் 57 விழுக்காடு. இயற்கையான மாற்றமே என்றவர்கள் 31 விழுக்காடு. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில் இவ்விரு எண்களும் முறையே 52, 38 என நெருங்கி வந்தன.

இந்த எண்களை அறியாமையின் அளவுகோலாகப் படிப்பதே கல்விப்புல வழக்கம். 38 விழுக்காட்டினருக்கு அறிவியல் போய்ச் சேரவில்லை, விழிப்புணர்வு போதவில்லை, பாடத்திட்டத்தில் இன்னோர் அலகு சேர்த்தால் சரியாகிவிடும் என்று கருத்தரங்குகள் முடிவுரை எழுதுகின்றன. இந்த வாசிப்பில் பாதி உண்மை உண்டு. புவி வெப்பமாதலுக்கு மனிதரே காரணம் என்பது வாக்கெடுப்புக்கு உரிய பொருள் அன்று. வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் மனிதச் செயல் வெப்பமாக்கியுள்ளது என்பதில் ஐயமில்லை என்று ஐ.பி.சி.சி.யின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை 2021 ஆகஸ்டில், அதாவது திருப்பதி வெள்ளத்துக்கு மூன்று மாதம் முன்பு, அறிவித்தது. 38 என்பது 83 ஆனாலும் அந்த உண்மை மாறாது. ஆனால் காரணம் வேறு, பொறுப்பு வேறு. காரணத்தை அளவீடு நிறுவும். பொறுப்பை ஒரு சமூகம் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பேச்சு எந்த இலக்கணத்தில் நடக்கிறது என்பதைக் கருத்துக்கணிப்பின் கட்டங்கள் காட்டுவதில்லை.

முதல் சிக்கல், மனிதன், இயற்கை என்ற இருமை. தென்னிந்திய மரபில் வானிலை என்றுமே மனிதருக்கு வெளியே நின்றதில்லை. அரசன் முறை தவறினால் மழை பெய்யாது என்பது திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் சொல்லும் கருத்து. இன்றும் மழை பொய்த்தால், ஊரில் நீதி கெட்டுவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்று சொல்லும் முதியவரைச் சித்தூரின் எந்த ஊரிலும் காணலாம். அவரிடம் காரணம் மனிதனா, இயற்கையா என்று கேட்டால் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? அவர் மனிதரையே குற்றம் சொல்கிறார். ஆனால் கரிம வாயுவின் வழியாக அன்று, அறத்தின் வழியாக. அவர் கூறும் இயங்குமுறை தவறானது; ஆனால் பொறுப்பு என்ற கருத்து அவரிடம் வலுவாகவே இருக்கிறது. கணிப்பு அவரை 'இயற்கை' என்றோ 'தெரியாது' என்றோ பதிவுசெய்துவிட்டால், இல்லாத இடத்தில் அறியாமையைக் கண்டதாகவும் இருந்த இடத்தில் அறவுணர்வைத் தவறவிட்டதாகவும் ஆகும்.

இரண்டாவது சிக்கல் வினைச்சொற்களில் இருக்கிறது. தமிழிலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிப்பது பள்ளி மாணவரும் அறிந்ததே: மாறியது, மாற்றினார், உடைந்தது, உடைத்தார், நிரம்பியது, நிரப்பினார். தெலுங்கிலும் மாரு – மார்ச்சு, நிண்டு – நிம்பு என்று அதே வேறுபாடு வாழ்கிறது. ஆகவே இரு மொழியும் புழங்கும் இந்த மாவட்டங்களில், ஒரு செயல் தானே நடந்ததா, யாரேனும் செய்தார்களா என்று பிரித்துச் சொல்லும் கருவி எல்லார் நாவிலும் உண்டு. ஆனால் அவ்வினைகள் பெயர்ச்சொல்லாகும்போது பிரிவு மங்கிவிடுகிறது. 'மாற்றம்' என்ற சொல் தானாக நிகழும் பருவ மாற்றத்துக்கும் பொருந்தும். ஒருவர் கையொப்பமிட்டு ஆணையிடும் பணியிட மாற்றத்துக்கும் பொருந்தும். தெலுங்கின் 'மார்ப்பு'ம் அப்படியே. 'காலநிலை மாற்றம்' என்று கேட்பவர், அது பருவ மாற்றம் போன்றது என்று எண்ணினால் அவர்மீது பிழையில்லை. செய்தவர் யார் என்பதை அந்தத் தொடர் சொல்வதே இல்லை.

வெள்ளத்தைப் பற்றிய செய்திகளும் அறிக்கைகளும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்படுகின்றன. ஏரி நிரம்பியது, கரை உடைந்தது, நீர் புகுந்தது, குடியிருப்புகள் பாதிக்கப்பட்டன என எல்லாம் தன்வினை. தப்பினால் செய்தவரைச் சொல்லாத செயப்பாட்டுவினை. திருப்பதியின் நில அமைப்பு இதற்கு நேர்மாறான கதையைச் சொல்கிறது. சேசாசல மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அடிவார ஏரிகளில் தங்கி, நிறைந்து, வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போய், முடிவில் சொர்ணமுகியில் சேரவேண்டும். நகரம் விரிந்தது இந்த வழியின் மேல்தான். ஏரிப்படுகைகள் மண்கொட்டி நிரப்பப்பட்டன, வாய்க்கால்கள் குறுகின, ஆற்றில் மணல் அள்ளப்பட்டது. முன்பே ஏரியை நிரப்பியவர்கள் இருந்தார்கள். ஆகவே மழைநாளில் வீடுகள் நிரம்பின. முதல் வாக்கியத்தின் எழுவாயை மறந்துவிட்டு இரண்டாம் வாக்கியத்தை மட்டும் ஆண்டுதோறும் எழுதுவதற்குப் பெயர் இயற்கைப் பேரிடர்.

அன்னமய்யா அணையைப் பற்றிய வாதம் இதைத் தெளிவாகக் காட்டியது. அணையின் ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கவில்லை என்று 2021 டிசம்பரில் ஒன்றிய நீர்வள அமைச்சர் கஜேந்திர சிங் செகாவத் மாநிலங்களவையில் குறிப்பிட்டு, மாநிலத்தின் பொறுப்பைச் சுட்டினார். மாநில அரசு அதை மறுத்தது. வந்த வெள்ளம் அணையின் கொள்திறனை விஞ்சியது என்றது. ஒருவர் 'உடையவிட்டார்கள்' என்கிறார், மற்றவர் 'உடைந்தது' என்கிறார். ஓர் இலக்கண வேறுபாட்டின்மேல் உயிர்களும் இழப்பீடும் தொங்கிக்கொண்டிருந்தன.

இங்கேதான் காலநிலை மாற்றம் என்ற சொல்லுக்கு ஒரு புதிய பயன் கிடைத்திருக்கிறது. முன்பு 'தெய்வச் செயல்' என்று சொல்லிக் கைகழுவிய இடத்தில் இன்று 'காலநிலை மாற்றம்' என்று சொல்லலாம். அறிவியல் மணமும் வீசும். மனிதரே காரணம் என்பதை ஒப்புக்கொண்டது போலவும் இருக்கும். எந்த மனிதர் என்று சொல்லாமலும் தப்பலாம். ஆகவே 57 விழுக்காடு 90 ஆக உயர்ந்தாலும் பொறுப்பு கூடியதாகக் கொள்ள முடியாது. 'மனிதர்' என்ற எழுவாய் அவ்வளவு அகலமானது. அமெரிக்கர் ஒருவரின் ஆண்டுக் கரிம உமிழ்வு சராசரியாகச் சுமார் 14 டன். இந்தியர் ஒருவருடையது சுமார் 2 டன். மழை தப்பிய நிலத்தில் வேர்க்கடலை விதைக்கும் குப்பம் பகுதி உழவரின் பங்கு அதிலும் சிறு துளி. 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை, பொறுப்பு பொதுவானது ஆயினும் சமமானதன்று என்று இதனால்தான் எழுதியது. அந்த வேறுபாடு நாடுகளுக்கிடையே மட்டும் உரியதன்று. ஒரு நகரத்துக்குள்ளும் உரியது.

அண்டையில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த பெருமழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலர் குழு, அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பமாதலின் தடத்தைக் கண்டறிய முடியவில்லை என்று 2016இல் வெளியிட்டது. மறுபுறம், 2018இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர் உருவாக்கிய பேரிடர் என்றே மதிப்பிட்டது. வானத்தில் மனிதரின் கைரேகை கிடைக்கவில்லை, தரையில் கிடைத்தது.

இதைச் சொன்னால் ஒரு நியாயமான அச்சம் எழும். உள்ளூர்த் தவறுகளை இவ்வளவு அழுத்தினால், புவி வெப்பமாதலை மறுப்பவர்களுக்கு அது உதவாதா? மறுப்பவர்கள் உண்மையிலேயே இந்த வாதத்தை எடுத்தாளக்கூடும். ஆனால் ஒரு மழைக்குக் கிடைத்த விடை எல்லா மழைக்கும் விடையாகாது. காற்று ஒரு பாகை செல்சியசு சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியை ஏந்தும். புவி ஏற்கெனவே அந்த ஒரு பாகையைத் தாண்டிவிட்டது. வங்கக்கடலிலிருந்து வரும் தாழ்வழுத்தங்களுக்கு நேரே நிற்கும் ஒரு மலையடிவார நகரத்துக்கு இதன் பொருள், நிரப்பிய ஏரிகளின் தண்டனை இனிக் கூடுமே தவிரக் குறையாது என்பதுதான். இரு பொறுப்புகளும் ஒன்றையொன்று கழிப்பதில்லை, பெருக்குகின்றன. மழையைக் கனமாக்கியவர்கள் ஒரு வாக்கியத்தின் எழுவாய். மழை செல்லும் வழியை அடைத்தவர்கள் இன்னொரு வாக்கியத்தின் எழுவாய். இரண்டு வாக்கியங்களும் எழுதப்பட வேண்டும்.

எழுவாயை எழுதிவைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. விசயநகர காலத்தில் பக்தர்கள் அளித்த பொருள், கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதற்கு இடப்பட்டதை அவை பதிவுசெய்கின்றன. வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரை இதையே ஆராய்ந்தது. கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார், விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் கல்லில் இருக்கின்றன. தெற்கே உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைக் காக்க ஏரிவாரியம் என்றொரு குழு இருந்தது. அந்தச் சமூகங்கள் சமத்துவமானவை அல்ல. அவற்றை மீட்டுக் கொண்டுவரவும் தேவையில்லை. நீர்நிலைக்குப் பொறுப்பாளரின் பெயர் இருக்கவேண்டும் என்ற ஒரு விதியை அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும். 2021இல் ராயலசெருவின் கரை தப்பியதும் தானாக அன்று. மணல்மூட்டை சுமந்தவர்களும் இரவில் வீட்டைவிட்டு வெளியேற இசைந்தவர்களும் அந்த வாக்கியத்தின் எழுவாய்கள். பொறுப்பு என்ற சொல் பழியை மட்டும் குறிப்பதில்லை.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் ராடார் முப்பது ஆண்டுகளாக மேலே நடப்பதை அளந்துவருகிறது. குப்பத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆராய்வதற்கென்றே 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியிலேயே வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. வானத்தை அளக்கும் துறையும் வாக்கியத்தை ஆராயும் துறையும் ஒரே வட்டாரத்தில் இருந்தும், ஒன்றையொன்று கேட்பது அரிது. அடுத்த கருத்துக்கணிப்பின் வினாக்கள் இவ்வட்டார மொழிகளுக்கு வரும்போது, 'காலநிலை மாறுவதற்குக் காரணம் மனிதரா?' என்பதோடு நிற்காமல், 'உங்கள் ஊர் ஏரியை நிரப்பியது யார்?' என்றும் கேட்கட்டும். முதல் கேள்விக்குத் தெரியாது என்பவர்களிலும் பலர் இரண்டாவதற்குப் பெயர் சொல்லிப் பதிலளிப்பார்கள். அந்தப் பெயர்களைப் பதிவுசெய்யும் துணிவு ஆய்வுலகத்துக்கு உண்டா என்பதே இனி விடைகாண வேண்டிய வினா.