வீணாகும் உஷ்ணம் யாருடைய சொத்து?

மில்லர்புரம் தெருக்களில் மீன் கூடையோடு வரும் தாய்மார்களைக் கேளுங்கள். காலையில் வாங்கிய ஐஸ் நண்பகலுக்குள் தண்ணீராகிவிடும். மிஞ்சிய மீன் பாதி விலைக்குப் போகும். ஐஸ் ஆலைக்காரரைக் கேட்டால் மின்சாரச் செலவைக் காட்டுகிறார். அதே ஊரில், துறைமுகத்தை ஒட்டி நிற்கும் அனல் மின் நிலையத்திலிருந்து உஷ்ணம் வானுக்கும் கடலுக்கும் வீணாகப் போகிறது!

1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய நிலையம் இது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மக்கள் பணத்தில் எழுந்தவை. இத்தகைய நிலையங்களில் நிலக்கரியின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி உஷ்ணமாகக் கழிகிறது.

உஷ்ணத்தால் குளிர்ச்சியா என்று சிலர் சிரிப்பார்கள். மருந்துப் புட்டியில் ஈரம் உறிஞ்சப் போடுகிறார்களே, அந்த சிலிக்கா ஜெல்தான் இதற்கு ஆதாரம். காற்றை அகற்றிய கலத்தில் தண்ணீர் எளிதில் ஆவியாகிக் குளிர்கிறது; அந்த ஆவியை சிலிக்கா ஜெல் பற்றிக்கொள்கிறது. அது நிறைந்ததும் 60 முதல் 90 டிகிரி வெந்நீரால் சூடேற்றினால் ஆவியை விட்டுவிட்டு மறுபடி வேலைக்குத் தயார். மின்சாரம் குடிக்கும் கம்ப்ரஸர் தேவையில்லை. ஜப்பானில் 1980களிலேயே இந்த யந்திரங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன.

குறைகளை நாம் மறைக்கவில்லை. யந்திரம் பெரியது, விலையும் அதிகம். கொடுத்த உஷ்ணத்தில் பாதியளவே குளிர்ச்சி கிடைக்கும். கடலில் விடும் வெதுவெதுப்பான நீர் போதாது. புகைபோக்கிக்குப் போகும் சூட்டைப் பிடிக்கவேண்டும். அதையும் அளவு மீறிப் பிடித்தால் அமிலம் வடிந்து இரும்பை அரிக்கும். தண்ணீரால் இயங்கும் இந்த யந்திரம் நேரடியாக ஐஸ் உறைவிக்காது.

ஆனால் 30 டிகிரித் தண்ணீரை 10 டிகிரிக்குக் குளிர்வித்துக் கொடுத்தால், ஐஸ் ஆலை நீக்கவேண்டிய உஷ்ணத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கொதிகலன் பக்கத்தில் வேகும் ஒப்பந்தத் தொழிலாளியின் ஓய்வறைக்கோ அந்தக் குளிர்ச்சியே போதும்.

நம் நிபுணர்களால் முடியாததல்ல. வடசென்னை அனல் மின் நிலையத்தில் 2009இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், கழிவு உஷ்ணத்தைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மலிவான குளிர்ச்சி தனியார் ஐஸ் முதலாளியின் கையில் சேர்ந்தால் லாபம் அவருக்கு. கூடை சுமக்கும் அம்மாளுக்குப் பழைய விலைதான். ஆகவே நிலையத்தை ஒட்டியே மீனவர் கூட்டுறவின் ஐஸ் ஆலை அமையட்டும். முதலில் தொழிலாளர் ஓய்வறையில் ஒரு சிறு யந்திரத்தைச் சோதித்து, வரவு செலவை மக்கள் முன் வையுங்கள். இதைத்தான் சர்க்காரிடம் கேட்கிறோம்.

நிலக்கரி மக்களுடையது. அதன் மிச்ச உஷ்ணமும் மக்களுடையதே!