பந்தைக் குறைப்பதற்கு முன் பயத்தைக் குறையுங்கள்

கோல்ஃப் பந்து அளவுக்கு மீறிப் பறக்கிறதாம். ஆகவே உலகத்தில் கோல்ஃப் ஆடுகிற அத்தனை பேரின் பந்தையும் அடக்கப்போகிறார்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கிற ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ, அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு அமைப்புகளும் 2023 டிசம்பரில் எடுத்த முடிவு இது. சோதனைக்கூடத்தில் இயந்திரம் மணிக்கு 120 மைல் வேகத்தில் மட்டையைச் சுழற்றினால், பந்து 317 கெஜத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2004 முதல் உள்ள வரம்பு. மூன்று கெஜம் சலுகை உண்டு. புதிய விதியில் தூரம் அதேதான், வேகம் மட்டும் 125 மைல். இன்று தேறுகிற பந்துகளில் பல நாளை தேறாது. அந்த அறிவிப்பின்படி உயர்நிலைப் போட்டிகளுக்கு 2028, மற்ற எல்லாருக்கும் 2030.

இழப்புக் கணக்கையும் அவர்களே தந்தார்கள். மிக வேகமாக அடிக்கும் ஆண் தொழில்முறை வீரர்களுக்கு 13 முதல் 15 கெஜம் குறையும். பெண் தொழில்முறை வீரர்களுக்கு 5 முதல் 7 கெஜம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு 5 கெஜமோ அதற்கும் குறைவோ. ‘இது பெரிய விஷயமே இல்லை’ என்பது அவர்கள் சமாதானம். பெரிய விஷயமே இல்லை என்றால் அதை ஏன் செய்கிறீர்கள்?

நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1997இல் அமெரிக்க பிஜிஏ டூரில் ஜான் டேலி சராசரியாக 302 கெஜம் அடித்தபோது அது அதிசயம். 2023இல் ரோரி மெக்கில்ராயின் சராசரி 326. அகஸ்டா நேஷனல் கிளப் பக்கத்துக் கிளப்பிடம் நிலம் வாங்கி, தன் புகழ்பெற்ற 13ஆவது குழியை 510 கெஜத்திலிருந்து 545 ஆக்கியது. ஆனால் இதெல்லாம் சில நூறு ஆண்களின் கதை. பெண்கள் அளவுக்கு மீறி அடிக்கிறார்கள் என்று யார் புகார் கொடுத்தார்கள்? டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த அதிதி அசோக், தூரத்தை நம்பி ஆடுகிறவர் அல்ல. குழிக்கு அருகே அவர் கை காட்டும் துல்லியம்தான் அவரை அங்கே கொண்டுபோனது. அவருடைய பந்தையும் சேர்த்துக் குறைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

இதில் எரிச்சலூட்டுவது, சரியான தீர்வு அவர்கள் கையிலேயே இருந்தது என்பதுதான். அதே 2023ஆம் ஆண்டு மார்ச்சில், உயர்நிலைப் போட்டிகள் மட்டும் விரும்பினால் கட்டுப்பட்ட பந்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரைவை வெளியிட்டார்கள். பந்துக் கம்பெனிகள் எதிர்த்தன, பிஜிஏ டூர் எதிர்த்தது, அமெரிக்க பிஜிஏவும் எதிர்த்தது. ‘விளையாட்டை இரண்டாகப் பிளக்காதீர்கள்’ என்பதே எல்லாருடைய கூப்பாடும். ஒன்பது மாதத்தில் வரைவு சுருண்டது.

இரண்டாகப் பிளப்பதாம்! கோல்ஃப் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இரண்டாகத்தான் இருந்தது. அமெரிக்கா 1931இலேயே பந்தின் குறைந்தபட்ச விட்டத்தை 1.68 அங்குலமாக்கிவிட்டது. பிரிட்டனும் ஆர் அண்ட் ஏ விதியில் ஆடிய மற்ற நாடுகளும் 1.62 அங்குலப் பந்தைக் கைவிடவில்லை. வித்தியாசம் 0.06 அங்குலம்; ஆனால் கடற்கரை மைதானத்தில் எதிர்காற்றில் அந்தச் சிறிய பந்து கிழித்துக்கொண்டு போகும். 1974இல் ஓபன் சாம்பியன்ஷிப்பில் பெரிய பந்து கட்டாயமானது. சிறிய பந்தை ஆர் அண்ட் ஏ விதிப்புத்தகம் முற்றாக நீக்கியது எப்போது? 1990இல். இடையில் பதினாறு ஆண்டுகள்! 1977இல் டர்ன்பெரியில் நடந்த ஓபனில் டாம் வாட்சனும் ஜாக் நிக்லஸும் கடைசிக் குழிவரை மோதிய ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் பெரிய பந்தில் ஆடினார்கள். அதே ஆண்டில் உள்ளூர் கிளப்பில் ஒரு கடைக்காரரால் சிறிய பந்தில் சட்டப்படியே ஆட முடிந்தது. விளையாட்டு பிளந்து விழவில்லை. பிளவு என்று இன்று கூவுகிறவர்கள் ஒன்று சரித்திரம் படிக்காதவர்கள், அல்லது பந்து விற்கிறவர்கள்.

தண்ணீரும் நிலமும் மிச்சமாகும் என்கிற சுற்றுச்சூழல் வாதமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரரின் ஐந்து கெஜத்தில் எத்தனை குடம் தண்ணீர் மிச்சமாகும் என்று அவர்களே சொல்லட்டும்.

பந்து விஷயத்தில் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். இந்த அமைப்புகளின் பழக்கமே இதுதான்: பெரியவர்களிடம் பணிவு, சில்லறை விஷயங்களில் வீரம். 2019இல் விதிப்புத்தகத்தை ‘எளிமையாக்கினார்கள்’. 34 விதிகள் 24 ஆயின. தோள் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விடுவது போய், முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும் என்றானது. அந்தப் பிப்ரவரியில் மெக்ஸிகோ போட்டியில் ரிக்கி ஃபௌலர் பழைய பழக்கத்தில் தோளிலிருந்து விட்டார். ஓர் அடி அபராதம். உயரத்திலிருந்து விழுகிற பந்தால் அவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. வீரரின் உதவியாளரான கேடி பின்னால் நின்று குறி பார்த்துத் தரக் கூடாது என்பது இன்னொரு புதிய விதி. ஜனவரியில் துபாயில் சீன வீரர் லி ஹாவ்டோங்குக்குக் கடைசிக் குழியில் இரண்டு அடி அபராதம் போட்டு, மூன்றாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். பிப்ரவரி முதல் வாரத்திலேயே அந்த விதியின் விளக்கத்தை மாற்றினார்கள். லியின் அபராதம் மட்டும் மாறவில்லை.

நல்ல மாற்றங்களே இல்லையா? இருந்தன. பந்து தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றானது நல்லது. ஒரே வீச்சில் மட்டை தவறுதலாகப் பந்தை இருமுறை தொட்டால் இனி அபராதமில்லை என்பதும் நியாயம். ஆனால் 1985 அமெரிக்க ஓபனில் முன்னிலையில் இருந்த தைவான் வீரர் டி.சி. சென் அப்படித்தான் இருமுறை தொட்டு, அந்த ஒரு குழியில் எட்டு அடி எடுத்து, கடைசியில் ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றார். அந்த நியாயம் வந்து சேர 34 ஆண்டுகள் ஆயின. 2016 அமெரிக்க ஓபனில் டஸ்டின் ஜான்சனின் பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீனில் லேசாக அசைந்தது. அபராதம் உண்டா இல்லையா என்று தெரியாமலே அவர் கடைசி ஏழு குழிகளை ஆடினார். தொலைக்காட்சியில் ஊர் சிரித்தது. அந்த விதிக்கான மாற்றம் அடுத்த ஜனவரியிலேயே வந்துவிட்டது. தைவான்காரர் தோற்றால் 34 ஆண்டு, அமைப்புக்கு அவமானம் என்றால் ஆறு மாதம்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரை நெஞ்சிலும் வயிற்றிலும் ஊன்றி அடிப்பதைத் தடை செய்த கதையையும் பாருங்கள். பல பத்தாண்டுகள் அது சட்டப்படிதான் இருந்தது. 2011, 2012இல் கீகன் பிராட்லி, வெப் சிம்ப்சன், எர்னி எல்ஸ் ஆகியோர் அதை வைத்து பெரிய பட்டங்களை வென்ற பிறகுதான் அது ஆட்டத்தின் ஆன்மாவுக்கு விரோதமாகிப் போனது. 2016இல் தடை அமலுக்கு வந்தது. முன்கையோடு மட்டையைச் சேர்த்துப் பிடித்து அடிக்கும் முறையை மட்டும் விட்டுவைத்தார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை யாரும் விளங்கச் சொல்லவில்லை.

1744இல் லீத்தில் ஆடியவர்கள் எழுதிய முதல் விதிகள் பதின்மூன்றுதான். அதற்குப் பிறகு வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஆட்டத்தை மேம்படுத்தவில்லை. கேமராவுக்கும் கம்பெனிக்கும் ஏற்ப ஆட்டத்தை வளைத்தன, அவ்வளவுதான். பந்துக் கட்டுப்பாடு உண்மையிலேயே வேண்டுமென்றால், 2023 மார்ச் வரைவு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஆர் அண்ட் ஏவும் யு.எஸ்.ஜி.ஏ.வும் அதைத் தூசி தட்டி எடுக்கட்டும், கம்பெனிகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பணம் கொடுத்துப் பந்து வாங்கி, அதில் பாதியைப் புதரில் தொலைக்கிறவரின் பந்தில் கைவைக்க வேண்டாம்.