காலுறை அணியக் கற்பித்த பயிற்றுநர்



இவ்வாண்டு நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, "நம் பள்ளி வலைப்பந்துக் குழு ஐந்தாண்டுகளாக மாவட்டப் போட்டிக்குச் செல்கிறது, ஒரு கிண்ணமும் வந்தபாடில்லை. வேன் வாடகைக்கும் சட்டைக்கும் ஆகும் பணத்தைப் பிரத்தியேக வகுப்புக்குக் கொடுத்தால் என்ன, ஐயா?" என்று வினவினார். அவர் வினவியதில் தவறில்லை. விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்திலிருந்து சங்கத்துக்குக் கொடுப்பவர் கணக்குக் கேட்க உரிமையுடையவர். அன்று நேரமின்மையால் சுருக்கமாக விடையளித்தேன். முழு விடையை இம்மலரில் எழுத விரும்புகிறேன். அதற்குத் துணையாக ஓர் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கா எங்கே, நம் தோட்டம் எங்கே என எண்ணாதீர்கள். ஜான் வூடன் என்னும் அப்பெரியார் 1910ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். அவர் வளர்ந்த சிறு பண்ணை வீட்டில் மின்விளக்கும் இல்லை. குழாய் நீரும் இல்லை. தந்தையார் தக்காளிக் கூடை ஒன்றின் அடிப்பாகத்தை அகற்றிக் களஞ்சியச் சுவரில் அடித்துக் கொடுத்தார். தாயார் பழந்துணிகளைக் காலுறைக்குள் திணித்துப் பந்தாகத் தைத்துக் கொடுத்தார். அதுவே அவருடைய முதல் ஆடுகளம். பின்னர் அப்பண்ணையும் கைவிட்டுப் போகவே, குடும்பம் மார்ட்டின்ஸ்வில் என்னும் ஊரில் குடியேறியது. அங்கு 1927இல் உயர்நிலைப்பள்ளிக் குழுவில் மாநில வெற்றியாளரானார். பர்டூ பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரராய் விளங்கி, 1932இல் பட்டம் பெற்று, ஆங்கில ஆசிரியரானார்.

ஆம், ஆசிரியர்தான். பயிற்றுநர் பணி அத்துடன் சேர்ந்து வந்தது. கெண்டக்கி மாநிலத்தில் அவர் பயிற்றுவித்த முதல் உயர்நிலைப்பள்ளிக் குழு அவ்வாண்டில் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். இதை நம் பள்ளி இளம் ஆசிரியர்கள் நினைவிற் கொள்க!

1934இல் சவுத் பெண்ட் நகர்ப் பள்ளிக்கு மாறிய காலத்தில் அவர் மனத்தை ஒன்று உறுத்தியது. மதிப்பெண் அட்டையைக் கண்ட பெற்றோர் சிலர், தம் பிள்ளை முதல் நிலையோ இரண்டாம் நிலையோ பெறாவிட்டால் பிள்ளையும் தோற்றான், ஆசிரியரும் தோற்றார் என்று முடிவு கட்டினர். நடுத்தர மதிப்பெண் அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் போதும். தம் பிள்ளைக்குப் போதாது! வூடன் இதை நெடிது சிந்தித்தார். பிறரைவிட உயர முயலாதே, உன்னால் ஆன அளவு உயர்வதை ஒருபோதும் கைவிடாதே என்று தம் தந்தையார் சொல்லிவந்ததை எண்ணிப் பார்த்தார். தன்னால் இயன்றதனைத்தையும் செய்தோம் என்று நெஞ்சறிய உணரும் மன அமைதியே வெற்றி என்று தமக்கென ஒரு விளக்கம் எழுதிக்கொண்டார். அதன்படி, ஒரு மாணவன் வென்றானா என்பதை அவன் மட்டுமே அறிவான், புள்ளிப்பலகை அறியாது.

இதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டப்பள்ளியில் இளம் ஆசிரியராய் இருந்தபோது, குறுக்கோட்டத்தில் ஏழாவதாக ஓடிவந்த சிறுவனைப் பார்த்து, "இதற்குத்தானா இவ்வளவு பயிற்சி?" என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அவனுக்கு அன்று காய்ச்சல் என்பதைப் பின்னரே அறிந்தேன். அடுத்த ஆண்டு அவன் ஓட வரவில்லை.

போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய வூடன், 1946இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டு அவர் குழுவுக்குத் தேசியப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின ஆட்டக்காரர்கள் களமிறங்கக் கூடாது என்பது விதி. அவர் குழுவில் கிளாரன்ஸ் வாக்கர் என்னும் கறுப்பின இளைஞர் இருந்தார். வூடன் அழைப்பை மறுத்துவிட்டார். 1948இல் அவ்விதி நீங்கியது. வாக்கர் அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். குழு இறுதி ஆட்டத்தில் தோற்றது. அத்தோல்வியை எந்தக் கிண்ணத்தோடு ஒப்பிடுவது?

அதே 1948இல்தான் லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பழைய கட்டடத்தின் மேல்மாடியில், மற்போர் வீரரும் உடற்பயிற்சிக் குழுவினரும் நெருக்கியடிக்கும் கூடத்திலேயே பயிற்சி. பயிற்சிக்கு முன் பயிற்றுநரே துடைப்பம் எடுத்துத் தரையைத் துடைப்பார். தேசிய வெற்றியாளர் கிண்ணம் முதன்முதலாகக் கிடைத்தது 1964இல். அப்போது அவருக்கு வயது 53. கணக்கிட்டுப் பாருங்கள்: அப்பல்கலைக்கழகத்தில் முதல் பதினைந்து பருவங்களில் தேசியக் கிண்ணம் இல்லை. நமக்கு ஆனது ஐந்தாண்டுகள்தாம். அந்த 1964ஆம் ஆண்டுக் குழுவில் தொடக்க ஆட்டக்காரர் எவரும் ஆறடி ஐந்தங்குலத்தைத் தாண்டியவர் அல்லர். கூடைப்பந்து உலகில் அது குள்ளமான குழு. ஆயினும் ஆடிய முப்பது ஆட்டங்களிலும் வென்றது.

அதன்பின் நடந்தவை விளையாட்டு வரலாற்றில் பதிந்துள்ளன. 12 ஆண்டுகளில் 10 தேசியக் கிண்ணங்கள். அவற்றுள் 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு. 1971 முதல் 1974 வரை 88 தொடர் வெற்றிகள். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் எனப் பெயர் கொண்ட லூ அல்சிண்டரும் பில் வால்ட்டனும் அவர் மாணவர்கள்.

இத்தகைய உயரமும் திறமையும் வாய்ந்த இளைஞர்களுக்கு முதல் நாள் அவர் கற்பித்தது யாது தெரியுமா? காலுறை அணிவது! விரல்களிலும் குதிகாலிலும் சுருக்கமில்லாமல் இழுத்து, தடவிப் பார்த்து, பிறகு காலணியை இறுகக் கட்டுவது. சுருக்கம் இருந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும். ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரப் பயிற்சிக்காகக் காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் திட்டமிட்டுச் சிறு அட்டையில் எழுதிவைப்பார். பாடக்குறிப்பு எழுதச் சலிக்கும் நாம் இதைக் கருத வேண்டும்.

1974-75, அவர் பணியாற்றிய கடைசிப் பருவம். கல்வி உளவியலார் இருவர் பயிற்சிக் கூடத்தில் அமர்ந்து, அவர் சொல்வன அனைத்தையும் குறித்துக்கொண்டனர். பதிவான 2,326 கற்பித்தல் செயல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற விளக்கமே. பாராட்டு நூற்றுக்கு ஏழளவு. கடிந்துரையும் ஏறக்குறைய அவ்வளவே. நான் வகுப்பில் பேசுவதை எவரேனும் எண்ணினால் கணக்கு எப்படி வருமோ!

அவரைக் குறையற்றவர் என்று நான் கூறவில்லை. செல்வந்தர் ஒருவர் ஆட்டக்காரர்களுக்குச் சலுகைகள் செய்துவந்ததை அவர் ஊன்றிக் கவனிக்கவில்லை என்ற குறைகூறல் உண்டு. அவர் ஓய்வுபெற்ற பின், 1981இல், அப்பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டது. அக்குறைகூறலில் நியாயம் உண்டென்றே எண்ணுகிறேன். தம் 99ஆம் வயதில், 2010இல் அவர் மறைந்தபோது, முதியவர்களாகிவிட்ட மாணவர்கள் பெரிதும் பேசியது கிண்ணங்களைப் பற்றியன்று. தங்களை வளர்த்த ஆசிரியரைப் பற்றியே.

ஆகவே, வினவிய தந்தையாருக்கு என் விடை இது. வலைப்பந்துக் குழுவைக் கலைக்க நான் இணங்கேன். பிரத்தியேக வகுப்புக்குப் பணம் வேண்டுமெனில் வேறு வழி காண்போம். அதற்கான திட்டத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். சென்ற போட்டியில் நம் பெண்பிள்ளைகள் 3க்கு 14 என்று தோற்றார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. கடைசி நொடிவரை ஒருத்தியும் ஓட்டத்தைக் குறைக்கவில்லை என்பதை எல்லைக்கோட்டருகே நின்று நான் கண்டேன்.

புதிய பள்ளியாண்டின் முதல் திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்குப் பயிற்சி தொடங்கும். பெற்றோர்கள் தம் பிள்ளைகளிடம் ஒரு சோடிக் காலுறை கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். கிழிந்திருந்தாலும் குற்றமில்லை, தைத்து அனுப்புங்கள்.