அறத்தொடு நிற்க இடந்தராத இல்லங்கள்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மணவில் என்று பெயர் பொறிக்கப்பெற்ற பழம்பதி மணவூர். இன்று அவ்வூர்த் தொடர்வண்டி நிலையத்தில், கதிரவன் எழுமுன்பே இளைஞர் கூட்டம் நிறைந்துவிடுகின்றது. அரக்கோணத்திலிருந்து திருவாலங்காட்டைக் கடந்து வரும் வண்டியில் ஏறிச் சென்னைக்குச் சென்று, பகலெல்லாம் உழைத்து, இருட்டிய பின்னரே இல்லந் திரும்பும் ஆண்களும் பெண்களும் அவர்கள். அகவை இருபதைக் கடந்தவர்கள், வாக்குரிமை பெற்றவர்கள், தம் ஊதியத்தைத் தாயின் கையில் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்குபவர்கள். ஆயினும், வண்டியில் அருகமர்ந்து உள்ளம் திறந்து பேசிவந்த இருவர், ஊரில் இறங்கிய அளவில் ஒருவரை ஒருவர் அறியாதார் போல் விலகி நடக்கின்றனர். வீட்டிற்குள் நுழைந்ததும் கைப்பேசி குப்புறக் கவிழ்கின்றது. பேசியவர் யார் என்று தாய் வினவினால், உடன் வேலை செய்யும் தோழி என்னும் விடை அணியமாக இருக்கின்றது.

இது மணவூருக்கு மட்டும் உரிய காட்சியன்று. தமிழகத்தின் எந்த ஊரிலும் காணத்தக்கதே. இளையோர் காதலிக்கின்றனர் என்பதில் வியப்பொன்றும் இல்லை, அஃது இயற்கை. வினவ வேண்டியது வேறொன்று. தம்மைப் பெற்று வளர்த்தவர்களிடத்தில், தாம் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே, அகவை வந்த மக்கள் நாள்தோறும் பொய் சொல்லி வாழ வேண்டிய நிலை ஏன் வந்தது?

இதற்குப் பலர் அணியமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு. எல்லாம் மேலைநாட்டு நோய்; 'டேட்டிங்' என்னும் கேடு கடல்கடந்து வந்து தமிழ்ப் பண்பாட்டைக் கெடுத்துவிட்டது என்பர். இவ்வாறு கூறுவார் தமிழையும் அறியார். தமிழ்ப் பண்பாட்டையும் அறியார். அவ்வாங்கிலச் சொல் நாளைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. சந்திப்பதற்கு நாள் குறித்தல் என்பதே அதன் கருத்து. ஆங்கில மொழியே தோன்றாத காலத்தில் தமிழ் அதற்குச் சொல் படைத்து வைத்திருந்தது. அச்சொல் 'குறி' என்பது. காதலர் சந்திக்கக் குறித்த இடம் குறி. பகலிற் சந்திப்பது பகற்குறி. இரவிற் சந்திப்பது இரவுக்குறி. ஆங்கிலம் நாளைக் குறித்தது. தமிழ் இடத்தைக் குறித்தது. அவ்வளவே வேறுபாடு.

அவ்விடம் எத்தகையது என்பதையும் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். பகற்குறி வீட்டின் எல்லைக்குப் புறத்தே அமையும். இரவுக்குறியோ மனையின் எல்லைக்கு உள்ளேயே, வீட்டார் பேசும் பேச்சுக் காதில் விழும் தொலைவிலேயே அமையும். தமிழ்ப்பெண் தன் காதலனைப் பெற்றோர் குரல் கேட்கும் இடத்திலேயே சந்தித்தாள் என்பது இலக்கண நூலே வகுத்த நெறியாகும். பெற்றோர் இல்லத்தில் வாழ்ந்துகொண்டே காதலித்தல் என்பது இக்காலத்து இளையோர் கண்டுபிடித்த புதுமையன்று. தமிழ் அகப்பொருளின் களமே அதுதான். பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் களவியல் ஒன்று. அதனை அடுத்து வருவது கற்பியல். திருக்குறளின் காமத்துப்பாலில் உள்ள 25 அதிகாரங்களுள் முதல் ஏழும் களவியலே. களவை இழுக்கென்று கருதியிருந்தால் இம் முதுநூல்கள் அதற்கு இத்துணை இடம் தந்திருக்குமா?

ஆனால், இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. களவு என்றும் களவாகவே நின்றுவிடுவதன்று. அது கற்பை நோக்கிச் செல்லும் வழி. ஊரார் அலர் தூற்றுவர். ஐயுற்ற தாய் மகளை வீட்டிற்குள் அடைப்பாள். அதற்கு இற்செறிப்பு என்று பெயர். தோழி தலைவனைத் தடுத்து நிறுத்தி, இனியும் காலந் தாழ்த்தாது மணந்துகொள் என்று இடித்துரைப்பாள். அது வரைவு கடாதல். இவற்றிற்கெல்லாம் நடுநாயகமாக நிற்பது அறத்தொடு நிற்றல். தலைவி தன் உள்ளத்தைத் தோழியிடம் வெளியிடுவாள். தோழி செவிலியிடம் எடுத்துரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் அறிவிப்பாள். மறைவாகத் தோன்றிய காதல் படிப்படியாக இல்லத்தின் நடுக்கூடத்திற்கு வந்து சேரும் முறை இது.

இம்முறைக்கு முன்னோர் இட்ட பெயரை நோக்குக. உண்மையைச் சொல்லிவிடுதல் என்றோ, குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்றோ அவர்கள் பெயரிடவில்லை. அறத்தொடு நிற்றல் என்றனர். காதலை மறையாது உரைக்கும் பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. அறத்தின் பக்கத்தில் நிற்கின்றாள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் பெருமையை உணர்த்தக் கருதிய கபிலர், போரையோ கொடையையோ பாடவில்லை. தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்பதையே 261 அடிகளில் குறிஞ்சிப்பாட்டாகப் பாடினார். இதுவே தமிழ் என்று அயலவனுக்குக் காட்டத்தக்கது எனக் கபிலர் தேர்ந்தெடுத்தது, ஒரு பெண்ணின் காதலை அவள் வீட்டார் அறியச் செய்யும் அருமையைத்தான்.

மணவூர் மக்களுக்கு இதை விளக்க நூல்கூட வேண்டுவதில்லை. அணித்தேயுள்ள திருத்தணி மலையை நிமிர்ந்து நோக்கினால் போதும். அம்மலைக்குரிய கதை வள்ளியின் கதை. காட்பாடிக்கு அருகிலுள்ள வள்ளிமலையில் வேடர் தலைவன் நம்பி வளர்த்த மகள் அவள், தினைப்புனங் காத்தவள். அங்கே வேடனாக வந்த முருகனோடு களவு தோன்றிற்று. தினை கொய்த பின் வள்ளி இற்செறிக்கப்பட்டாள். இரவுக்குறியில் தோழியே அவளைத் தலைவனிடம் ஒப்படைத்தாள். இருவரும் உடன்போக்கு மேற்கொண்டனர். தந்தையும் சுற்றத்தாரும் வில்லேந்தித் துரத்தினர். முடிவில் தந்தையே சினம் மாறி, ஊர் திரும்பச் செய்து, தன் கையால் மகளை மணம் செய்து கொடுத்தான். அதன்பின் இருவரும் வந்து தங்கிய இடமே தணிகை. நற்றிணையிலேயே வள்ளி பேசப்படுகின்றாள். பரிபாடலின் ஒன்பதாம் பாட்டோ, வள்ளியை மணந்த களவின் சிறப்பைத் தமிழின் சிறப்பாகவே வைத்து எடுத்துரைக்கின்றது.

அத்தணிகையின் 365 படிகளிலும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பெற்றோர் ஏறுகின்றனர். பெற்றோர்க்குத் தெரியாமல் காதலித்து, இரவில் வீட்டைவிட்டு வெளியேறிய ஒருத்தியைத் தாயென்று கைகூப்பித் தொழுகின்றனர். அவள் பெயரைத் தம் மகளுக்கு இடுகின்றனர். மலையிறங்கி வீடு திரும்பியதும், அதே மகளின் கைப்பேசியைப் பறித்து ஆராய்கின்றனர்! கல்லில் உள்ள வள்ளிக்குப் பூமாலை. வீட்டில் உள்ள வள்ளிக்கு இற்செறிப்பு. நம்பி எய்த அம்பை மட்டும் கைக்கொண்டவர்கள், அவன் இறுதியில் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்ததை ஏன் மறந்தனர்?

மறந்ததற்குக் கரணியம் ஒன்றே, அது சாதி. பிள்ளை காதலிக்கின்றான் என்பது தெரியவந்தால், பெண் எத்தகையவள், பண்பு யாது, தொழில் யாது என்று எந்த வீட்டிலும் முதற்கண் கேட்பதில்லை. அவர்கள் என்ன ஆட்கள் என்பதே முதல் வினா. அவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாமையால்தான் இளையோர் வாய் அடைபட்டுப் போகின்றது. சாதியும் சாதகக் கட்டமும் மணக்கொடைப் பேரமும் சேர்ந்து நடத்தும் வணிகத்தைப் பண்பாடு என்று போற்றி, அன்பினால் நேரும் கூட்டத்தைச் சீர்கேடு என்று தூற்றும் தலைகீழ்நிலை தமிழ்நிலத்தில் வேரூன்றிவிட்டது.

அந்நிலை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்றுகள் தொலைவில் இல்லை. 2012 நவம்பர் 7-ஆம் நாள் தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில், வேற்றுச் சாதி இணையர் மணந்துகொண்டதும், பெண்ணின் தந்தை தம்மை மாய்த்துக்கொண்டதும் வாயிலாக, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் 200-க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2016 மார்ச்சு 13-ஆம் நாள் உடுமலைப்பேட்டையில், கல்லூரியிற் பயின்றபோது காதலித்து மணந்த இணையர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டப்பட்டனர். இளைஞர் இறந்தார், படுகாயமுற்றுப் பிழைத்த பெண், தன் பெற்றோருக்கு எதிராகவே வழக்குமன்றத்தில் சான்றுரைத்தார். மகள் தாய்தந்தையரிடம் அறத்தொடு நிற்க இயலாத வீடு, இறுதியில் அவளை வழக்குமன்றக் கூண்டில் அறத்தொடு நிற்கச் செய்தது. இதனினும் பெரிய இழிவு ஒரு குடும்பத்திற்கு உண்டோ?

அகவை வந்த இருவர் மணக்க இசைந்தால் குடும்பத்தின் இசைவோ குலத்தின் இசைவோ கட்டாயமன்று என்று உச்சநயன்மன்றம் 2018 மார்ச்சு 27-இல் தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது சட்டம் வகுத்த மண அகவை. பார்ப்பனச் சடங்கின்றி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் தன்மதிப்புத் திருமணம் செல்லும் என்பது, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம். எனவே, சட்டம் திறக்க வேண்டிய கதவைத் திறந்தே வைத்துள்ளது. திறவாதிருப்பது வீட்டுக் கதவுதான்.

பெற்றோர் அச்சத்தில் பொருளே இல்லை என்பதன்று. ஏமாற்றிக் கைவிடும் கயவர் எக்காலத்தும் உளர். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மூத்தோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியமே கூறுகின்றது. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலனை நுகர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்த ஒருவனை, ஊரவை சான்றுகளைக் கேட்டுத் தெளிந்து, மரக்கிளையிற் பிணித்து, அவன் தலையில் நீற்றைக் கொட்டித் தண்டித்ததை அகநானூற்றின் 256-ஆம் பாட்டு உரைக்கின்றது. நோக்குக: அவ்வவை காதலித்தமைக்காக அப்பெண்ணைத் தண்டிக்கவில்லை, பொய் சொன்னமைக்காக அவ்வாணைத் தண்டித்தது. இன்றோ எல்லாம் தலைகீழ். இரவு கடைசி வண்டியில் வரும் மகனுக்குச் சோறு காத்திருக்கின்றது. ஒரு வண்டி பிந்தி வரும் மகளுக்கு வினாக்கள் காத்திருக்கின்றன. மகளை அடைத்து வைப்பதால் கயவன் திருந்திவிடுவானா? மறைவு மிகுந்த இடமே கயவனுக்கு ஏற்ற இடம். வீட்டார் அறிந்த காதலில் ஏமாற்றுவது அரிது. ஒருவரும் அறியாத காதலில் ஏமாற்றுவது எளிது. மகளைக் காக்க விரும்பும் பெற்றோர் செய்யத்தக்கது, அவள் அச்சமின்றி வாய்திறக்க இடந்தருவதேயாகும்.

இளையோருக்கும் கடமை உண்டு. பெற்றோர் நிழலில் உண்டு உறங்கிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் அவர்கள் கண்ணிற் பொடி தூவுவது ஆண்மையுமன்று, பெண்மையுமன்று. களவுக்கு எல்லையுண்டு. உள்ளம் உறுதிப்பட்டதெனின் உரைத்துவிடுக. தாயிடம் நேரே கூற நா எழவில்லையெனின், அத்தையோ சித்தியோ அண்ணியோ செவிலியாக நின்று உதவட்டும். அக்காலத் தோழியும் செவிலியும் ஆற்றிய தொண்டை இன்று ஆற்ற, ஒவ்வொரு குடும்பத்திலும் அறிவுடைய ஒருவரேனும் முன்வருதல் வேண்டும். ஆண்மகன் காலங்கடத்தாது வரைவுக்கு முந்துக. பெண் வீட்டாரை எதிர்கொள்ள அஞ்சுபவன், களவுக்கு மட்டும் துணிந்தது அறமாகாது.

திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கத் தமிழர் போராடிய காலத்தில், ம.பொ.சி. அவர்களும் மங்கலங்கிழார் அவர்களும் தமிழர் என்னும் ஒரே பெயரால்தான் மக்களை அழைத்தனர். அழைத்தவர்களும் வந்தவர்களும் சாதி கேட்டு நிற்கவில்லை. 1960 ஏப்பிரல் முதல் நாள் தணிகை தமிழகத்தோடு இணைந்தது. வடவெல்லையில் எல்லைக்கல்லை நகர்த்திய தமிழினம், தன் வீட்டு நடுக்கூடத்திற் கிடக்கும் சாதி எல்லைக்கல்லை இன்னும் நகர்த்தவில்லை. மண்ணை மீட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மணவூர் வண்டியில் ஒருவரை ஒருவர் அறியாதார் போல் நடித்து நடக்கின்றனர்.

தமிழ்ப் பெற்றோரே! பிள்ளைகள் காதலிப்பதைத் தடுக்க உங்களால் இயலாது. தொல்காப்பியர் காலத்துத் தாய்மாராலும் இயலவில்லை. அவர்கள் உங்களிடம் பொய் சொல்வதை மட்டுமே உங்களால் தடுக்க இயலும். இன்றிரவு மகள் வீடு திரும்பும்போது, யாரோடு பேசினாய் என்று அதட்டாதீர். யாரையேனும் விரும்புகின்றாயா அம்மா என்று ஒருமுறை அன்போடு கேட்டுப் பாரீர். அவள் அறத்தொடு நிற்க அணியமாகவே இருக்கின்றாள். நிற்பதற்கு வீட்டில் ஓர் இடம் தருக!