முதலில் வரவேண்டியவர் வாடிக்கையாளர்

புத்தொழில் நிறுவனங்கள் செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் யாராவது அவற்றில் பணம் போடும்போதுதான். எத்தனை கோடி திரட்டினார்கள், மதிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பதே தலைப்பாகிறது. அவர்கள் விற்பதை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது கடைசி வரியில்கூட வருவதில்லை. முதலீட்டால் வளர்ச்சியின் வேகத்தைக் கூட்டலாம். வளர்வதற்கான காரணத்தை அது தராது. அந்தக் காரணம் வாடிக்கையாளரிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பென் செஸ்ட்நட், டான் குர்சியஸ் இருவரும் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம் நடத்திவந்தார்கள். அவர்களிடம் வந்த சிறுவணிகர்கள், தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்ப வழி கேட்டார்கள். அப்படி 2001-ல் பக்கத் தொழிலாகப் பிறந்தது மெயில்சிம்ப். வடிவமைப்பு வேலையை விட்டுவிட்டு அதில் முழுமூச்சாக இறங்கியது 2007-ல். 2009-ல் குறிப்பிட்ட அளவுவரை இலவசம் என்று அறிவித்தபோது, ஓராண்டில் பயனர்கள் 85,000-லிருந்து 4.5 லட்சமானார்கள். அதற்கு முன்பே எட்டு ஆண்டுகள் கட்டணம் வாங்கிப் பழகியதால், யார் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியாரின் முதலீடு எதுவும் பெறாத அந்த நிறுவனத்தை 2021-ல் இன்ட்யூட் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. சிறுவணிகர்களுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் இன்ட்யூட்டுக்கு, மெயில்சிம்ப்பிடம் இருந்த அதே சிறுவணிகர்கள்தான் பெரிய சொத்து.

இதற்கு நேர்மாறானது க்விபி. கைப்பேசியில் பத்து நிமிடத்துக்குள் பார்த்து முடிக்கும் நிகழ்ச்சிகளுக்காக, வாடிக்கையாளர் ஒருவர்கூட வருவதற்கு முன்பே 175 கோடி டாலர் திரட்டியது. 2020 ஏப்ரலில் வெளிவந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. பெருந்தொற்றுதான் காரணம் என்பது பாதி உண்மை. அதே மாதங்களில் மற்ற ஓடிடி தளங்கள் வளர்ந்தன. ஆனால் தொடக்கத்தில் க்விபியை வீட்டு டிவியில் பார்க்க வழியில்லை. பிடித்த காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்பவும் முடியவில்லை. நூறு பேரிடம் விற்றுப் பார்த்திருந்தாலே இவை தெரிந்திருக்கும்.

ராக்கெட், மருந்து, சிப் போன்ற தொழில்களில் முதல் விற்பனைக்கே பல ஆண்டுகள் ஆகும். அங்கே முதலீடு முன்னதாக வருவது தவிர்க்க முடியாதது. மென்பொருளிலும் தாமதித்தால் போட்டியாளர் முந்திவிடுவார் என்பார்கள். 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீடு பெற்று வேகமாக வளர்ந்ததுதான். ஆனால் போட்டி நிறுவனமொன்று விலையை உயர்த்தியதால் கொதித்துப்போயிருந்த வாடிக்கையாளர்களைப் பார்த்த பிறகே அது களமிறங்கியது. தேவை தெரிந்த பிறகு வந்த பணம் அது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஊழியர்கள் பற்றியது. மெயில்சிம்ப் ஊழியர்களிடம் பங்குகள் இல்லை. நிறுவனம் விற்கப்பட்டபோது அந்தக் குறை கடுமையாகப் பேசப்பட்டது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானபோதோ அதன் ஊழியர்கள் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்களானார்கள். இந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் ஊழியருக்குப் பங்கு கொடுக்க முதலீட்டாளரின் தயவு தேவையில்லை. நிறுவனர்களின் மனம் போதும்.

எனவே தொழில் தொடங்கும் இளைஞர்களும் அவர்களைப் பற்றி எழுதுபவர்களும் திரட்டிய தொகையைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்கவேண்டும்: போன ஆண்டு காசு கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் கொடுத்தார்கள்? அதற்கு நல்ல பதில் இருந்தால் முதலீட்டாளர் தேடி வருவார். வராவிட்டாலும் தொழில் நிற்கும்.