அப்பாவின் வெஸ்பாவுக்கு இன்னும் எத்தனை நாள்?

2028 ஜூன் 30. இந்தத் தேதியைச் சிங்கப்பூரில் பழைய வெஸ்பா வைத்திருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் எதுவும் அந்த நாளுக்குப் பிறகு தீவின் சாலைகளில் ஓடக் கூடாது என்று 2018 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. காரணம் புகை. தாமாகவே முன்வந்து வண்டியைப் பதிவிலிருந்து நீக்குவோருக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். அந்தச் சலுகை 2023 ஏப்ரல் 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மறுநாள் முதல் பழைய வண்டிகளுக்கான புகை அளவையும் இறுக்கிவிட்டார்கள்.

அது முதல் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அப்பா ஓட்டிய வெஸ்பா. விற்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழி தெரியவில்லை. என்ன செய்யலாம்?"

நேயர்களே, முதலில் வண்டியின் பதிவு விவரத்தை எடுத்து முதல் பதிவுத் தேதி எது என்று பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. 35 வயது நிறைந்த வண்டிகளுக்குக் கிளாசிக் திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்த வண்டிகளுக்கு 2028 தடை இல்லை. ஆனால் அவற்றை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். 1940க்கு முன் செய்த வண்டிகளுக்கு வேறொரு திட்டம் இருக்கிறது. வெஸ்பாவே பிறந்தது 1946இல் என்பதால் அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்.

இப்போது கணக்குப் போடுவோம். 1966இல் பதிவான சூப்பர் 150 வண்டிக்கு 2001இலேயே 35 நிறைந்துவிட்டது. அதற்கு வாசல் திறந்திருக்கிறது. 2001இல் பதிவான பிஎக்ஸ் 150 இருக்கிறதே, அதற்கு 35 நிறைவது 2036இல். கதவோ எட்டு ஆண்டு முன்பே சாத்தப்படுகிறது. கிழவன் பிழைப்பான், நடுவயதுக்காரன் போவான்! இந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. அறுபது வயது வண்டியைவிட இருபத்தைந்து வயது வண்டி நிச்சயம் அதிகப் புகை விடுவதில்லை. ஆனால் அறுபது வயது வண்டி ஆண்டுக்கு 45 நாள்தானே ஓடப் போகிறது என்று அவர்கள் சொன்னால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. புளோக்கின் இரண்டாம் மாடியில் சன்னலோரம் தூங்கும் குழந்தைக்கு நம் வண்டியின் வயது தெரியாது, நெடிதான் தெரியும்.

கிளாசிக் திட்டத்துக்கு மனுப் போடுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உங்கள் வண்டியின் விவரத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தேநீர்க் கடைப் பேச்சை நம்பி வண்டியைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

உரிமைச் சான்றிதழ்ச் செலவையும் மறக்கக் கூடாது. 1990இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் மோட்டார் சைக்கிள் சான்றிதழ் வெகு காலம் ஏழைக்கும் எட்டும் விலையில் இருந்தது. 2022இல் அது 12,000 வெள்ளியைத் தாண்டியது. ஜோகூரில் இருக்கும் தோட்டத்து நேயர்கள் இதைப் படித்து வாயைப் பிளப்பீர்கள். ஆம், வண்டிக்கு அல்ல, வண்டி வைத்திருக்கும் உரிமைக்கு மட்டும் அந்த விலை!

இந்த வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வீட்டு அம்மாக்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

இத்தாலியில் பொந்தெதெரா என்னும் ஊரில் பியாஜியோ கம்பெனி விமானம் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தொழிற்சாலை குண்டுக்கு இரையானது. போர் முடிந்தபின் விமானம் செய்ய வழியில்லை. மக்களுக்கோ மலிவான வண்டி தேவை. என்ரிக்கோ பியாஜியோ தம்மிடம் இருந்த விமான எஞ்சினியர் கொர்ராதினோ தஸ்கானியோவை அழைத்தார். வேடிக்கை என்னவென்றால், தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. எண்ணெய் அழுக்கு, உட்காரச் சங்கடம், டயர் பஞ்சரானால் பெரும் பாடு என்பது அவர் குறை. பிடிக்காதவரிடம் கொடுத்ததால்தான் நல்ல வண்டி பிறந்தது என்று சொல்ல வேண்டும். சங்கிலியே இல்லாமல் எஞ்சினைப் பின் சக்கரத்தோடு சேர்த்தார். விமானத்தின் இறங்கு சக்கரத்தைப் போல முன் சக்கரத்தை ஒரு பக்கத்தில் மட்டும் தாங்க வைத்தார். கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். முன்னால் தகட்டை வளைத்துக் காலில் சேறு படாமல் மறைத்தார். 1946 ஏப்ரலில் காப்புரிமைக்குப் பதிவு செய்தார்கள். பின்பக்கம் பருத்து இடுப்புச் சிறுத்திருந்ததைப் பார்த்துக் குளவி போலிருக்கிறதே என்றாராம் பியாஜியோ. இத்தாலிய மொழியில் குளவிக்குத்தான் வெஸ்பா என்று பெயர்.

அடுத்த ஆண்டே மிலான் நகரில் இன்னொசெந்தி கம்பெனி லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது. இந்தியாவில் லாம்பிரெட்டாவும், 1960 முதல் பஜாஜ் கம்பெனி வழியாக வெஸ்பாவும் உருவாயின. 1971இல் இத்தாலியரோடு செய்த ஒப்பந்தம் முடிந்ததும் பஜாஜ் தன் பெயரிலேயே வண்டி செய்து, 1972இல் சேத்தக் என்று பெயர் சூட்டியது. அது பழைய வெஸ்பா ஸ்பிரிண்ட்டின் அச்சில் பிறந்தது. இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. சென்னைக்குப் போகிறவர்கள் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வாங்கிவரும் பஜாஜ் சாமான்கள் பல நம் சூப்பருக்கும் ஸ்பிரிண்ட்டுக்கும் பொருந்தும். பிஎக்ஸுக்கு எல்எம்எல் சாமான் உதவும். ஆனால் பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும், மரையில் ஏறாது.

சிங்கப்பூரில் வெஸ்பாவுக்குத் தனிக் களை கொடுத்தது பக்கவண்டி. குடும்பத்தோடு போக அதைவிட மலிவான ஏற்பாடு அந்நாளில் ஏது? இங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் பக்கவண்டியும் இடப்பக்கம். வெஸ்பாவின் எஞ்சினோ வலப்பக்கம் தொங்குகிறது. பாரத்துக்குப் பாரம் ஓரளவு ஈடாகும். ஆனால் ஓட்டுவது தனி வித்தை. வேகம் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். இடப்பக்கம் திரும்பும்போது பக்கவண்டிச் சக்கரம் தரையை விட்டு எழும். ஆள் இல்லாத பக்கவண்டி இன்னும் எளிதில் எழும்பும் என்பதால், புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் ஒரு மூட்டை அரிசியாவது வைத்துக்கொள்ளட்டும்.

தோட்டத்தில் இந்த வண்டி அவ்வளவாக எடுபடவில்லை என்பதே என் எண்ணம். செம்மண் பாதையில், மழை பெய்த மறுநாள், எட்டு அங்குலச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏறாது. அங்கே பெரிய சக்கரம் கொண்ட ஹோண்டா கப்தான் ராஜா. வெஸ்பா தார் ரோட்டுப் பிள்ளை.

இனி, வைத்திருப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயிர். சூப்பர், ஸ்பிரிண்ட், பிஎக்ஸ் வண்டிகளுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்று நினைப்பவர்கள்தான் வாகனச் சோதனையில் தோற்றுத் திரும்புகிறார்கள். கூடினால் புகை, கரி, நனைந்த பிளக். குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சத்தம் திடீரென்று கம்மி, வண்டி தானே பின்னுக்கு இழுப்பது போலிருந்தால் யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடித்துவிடுங்கள். இல்லையேல் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு உங்களைக் கீழே தள்ளும். எண்ணெய்க்குத் தனித் தொட்டி உள்ள பிஎக்ஸ் வண்டிகளில் கலக்கும் வேலை இல்லை, தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்று வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. பலர் சோதனைக்கு முதல் நாள்தான் புகையைப் பற்றி நினைக்கிறார்கள். கார்புரேட்டரைத் திருகுகிறார்கள், பிளக்கை மாற்றுகிறார்கள். புகை நின்றபாடில்லை. நோய் வேறிடத்தில் இருக்கக்கூடும். இந்த எஞ்சினில் கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு, ஏறக்குறைய 250 மில்லி. அதற்கும் கிராங்க் அறைக்கும் நடுவே ரப்பர் சீல் ஒன்றுதான் காவல். அது தேய்ந்துவிட்டால் எஞ்சின் தன் உறிஞ்சலிலேயே கியர் எண்ணெயைக் குடித்து வெண்புகையாக விடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கியர் எண்ணெய் மாற்றும்போது ஊற்றிய அளவு திரும்பி வருகிறதா என்று அளந்து பாருங்கள். தரையில் ஒரு சொட்டும் ஒழுகாமல் பெட்டியில் எண்ணெய் குறைந்திருந்தால் திருடன் அந்த சீல்தான். விலை சில வெள்ளி, மாற்றுவதற்கு எஞ்சினையே பிளக்க வேண்டும்! ஆகையால் கூலி பேசிக்கொண்டு வேலையைக் கொடுங்கள். பிளந்த கையோடு கியர் மாற்றும் சிலுவைத் துண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் கியர் தானே கழன்று விழுகிறது என்று குறைப்படுவோரின் வண்டியில் பெரும்பாலும் அதன் முனைதான் மழுங்கியிருக்கும்.

சைலன்சர் கரி அடைத்துக் கிடந்தாலும் வண்டி இழுக்காது, புகையும் கூடும். குறைந்த புகை தரும் எண்ணெயை வாங்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனை நிலையத்தில் நுழையுங்கள்.

பிளக்கின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம். காப்பிப் பொடி நிறம் என்றால் சுகம். கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி, அதுதான் ஆபத்து. வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடுங்கள். மூடாமல் விட்டு இரவெல்லாம் எஞ்சினுக்குள் பெட்ரோல் கசிந்த வண்டியை மறுநாள் உதைத்து உதைத்துக் கால் வீங்கியவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

கேபிள்களைச் சொல்ல வேண்டும். கிளட்ச், இரண்டு கியர், ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாமே கம்பியில்தான் ஓடுகின்றன. தீபாவளி நேரத்துச் சிராங்கூன் ரோட்டில், நிமிடத்துக்கு நான்கு முறை கிளட்ச் பிடித்து ஊரும் கூட்டத்தில், கம்பி அறுந்தால் கேலி செய்ய ஆயிரம் பேர், தள்ள ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒரு கிளட்ச் கம்பி, ஒரு பிளக், ஒரு ஸ்பானர் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். சக்கரத்தின் விளிம்பு இரண்டு பாதியாகச் சேர்த்து முடுக்கியது. காற்றை முழுதும் இறக்காமல் அந்தச் சிறு நட்டுகளைக் கழற்றாதீர்கள், முகத்தில் அடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான எதிரி துரு. மற்ற மோட்டார் சைக்கிளுக்குக் குழாயால் ஆன சட்டம் தனியே இருக்கும். வெஸ்பாவுக்கு உடம்புத் தகடே எலும்பு. தகடு அரித்தால் முதுகெலும்பு அரித்ததாக அர்த்தம். நம் ஊர் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் கால் வைக்கும் பலகையின் அடியும் ஸ்டாண்டு பூட்டும் இடமும்தான் முதலில் போகும். வாங்கப் போகிறவர்கள் ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வாங்கலாம். சொதசொதவென்று சத்தம் வந்தால், பளபளவென்ற புதுப் பெயிண்டுக்கு மயங்காமல் நடையைக் கட்டுங்கள்.

2017 ஜூலை 10 வரை சுங்கை ரோடு சந்தை இருந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பழைய கருவிகளையும் இரும்புச் சாமான்களையும் தரையில் பரப்பி விற்றார்கள். இப்போது காக்கி புக்கிட், ஊபி பக்கத்துப் பட்டறைகளைத்தான் நாட வேண்டும். பழைய இத்தாலிய எஞ்சின் அறிந்த கை அங்கும் எல்லாரிடமும் இல்லை. நல்ல கை கிடைத்தால் அவருக்குக் கூலியில் கணக்குப் பார்க்காதீர்கள். அவரும் ஓய்வு பெறும் வயதில் இருப்பார், மகனுக்கு இந்தத் தொழிலில் நாட்டம் இராது.

பிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி மீதி நிற்கிறது. 2028 வரை ஓட்டுங்கள், ஒழுங்காகச் சோதனையில் தேறி ஓட்டுங்கள். அதன்பின் தடையில்லாத நாட்டுக்கு அனுப்பலாம், அல்லது பதிவை நீக்கிப் பிரித்து, எஞ்சினையும் கியரையும் மற்றொரு வெஸ்பாக்காரருக்குக் கொடுக்கலாம். பழைய இரும்பாக எடை போட்டு விற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் முறையை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு இங்கே இடம் போதவில்லை, அடுத்த இதழில் பார்ப்போம். அதற்குள் யாரும் ஊசியால் ஜெட் துளையைக் குத்தாமல் இருக்க வேண்டும்.